சிறைக்கு வெளியே நின்றவர்

சென்ற ஆண்டு, நம் பங்கின் இளையோர் சிலரை அழைத்துக்கொண்டு அடையாறுப் பக்கம் சென்றிருந்தோம். சர்தார் பட்டேல் சாலையிலுள்ள காந்தி மண்டப வளாகத்தில் மரநிழல் மிகுதி. மாலை வேளையில் உலவுவதற்கு ஏற்ற இடம். அங்கே மகுட வடிவில் எழுப்பப்பட்ட மூதறிஞர் இராஜாஜியின் நினைவாலயத்தின் முன் நின்றிருந்தபோது, சட்டக் கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞர் நம்மிடம் வினவினார்: "ஃபாதர், ஆகஸ்டுப் போராட்டத்தின்போது இவர் எந்தச் சிறையில் இருந்தார்?"

"எந்தச் சிறையிலும் இல்லை தம்பி. வெளியேதான் இருந்தார்" என்றோம்.

இளைஞரின் முகம் மாறிற்று. அதே வளாகத்தில், சிறிது தொலைவில் பெருந்தலைவர் காமராசரின் நினைவகம் இருக்கிறது. அவர் 1942 முதல் 1945 வரை சிறையில் வாடியவர் என்பது அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது. 'அப்படியானால் இவர்?' என்ற கேள்வி அவருடைய வாயில் வரவில்லை, கண்ணில் இருந்தது. அன்று பேருந்துக்கு நேரமாகிவிட்டபடியால் சரியாக மறுமொழி கூற இயலவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததையே இங்கே எழுதுகிறோம்.

இராஜாஜியை நம்மவர்களில் பலர் இரண்டு மூன்று செய்திகளோடு நினைவில் வைத்திருக்கிறோம். இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எழுதியவர். முதல் இந்தியக் கவர்னர் ஜெனரல். பள்ளிக்கூடத் திட்டத்தால் ஆட்சியை இழந்தவர். 1972ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று மாலை, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், தமது 94ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது என்பதைப் பங்கின் மூத்தவர்கள் சிலர் இன்றும் நினைவுகூர்வர். ஆனால், உலகப் போர் நம் கடற்கரைக்கே வந்துவிட்ட நாள்களில் அவர் என்ன செய்தார் என்பது பேசப்படுவதில்லை. நாட்டுப்பற்றாளர்களின் வரிசையில் அது ஒரு சங்கடமான அத்தியாயம். சங்கடமானது என்பதாலேயே அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், ஊர் முன்சீபின் மகனாக 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி. பெங்களூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் அவர் பெயர் விரைவில் பரவியது, வருமானமும் பெருகியது. முதல் உலகப் போர்க் காலத்தில், அரசுக்கு எதிராகப் பேசியதாகக் குற்றம் சாட்டப்பட்ட டாக்டர் வரதராஜுலு நாயுடுவுக்காக வாதாடினார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தபோது, அந்நகராட்சியில் முதன்முறையாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் உறுப்பினராவதற்கு வழிசெய்தார்.

வழக்கறிஞர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் வழக்கை மட்டும் படிப்பதில்லை. எதிர்க்கட்சிக்காரரின் வழக்கையும் தம்முடையதைப்போலவே படிப்பார். எதிரி எங்கே உண்மையாகவே நியாயம் வைத்திருக்கிறான் என்று தெரியாதவன் மன்றத்தில் தோற்பான். இந்தப் பழக்கம் இராஜாஜியை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. அரசியலில் இது எத்துணை ஆபத்தான குணம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1919ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் சேலத்தை விட்டுச் சென்னையில், கதீட்ரல் சாலையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தார். தூய ஜார்ஜ் பேராலயத்தால் பெயர் பெற்ற சாலை அது. அவ்வாண்டு மார்ச்சில் காந்தியடிகள் அந்த வீட்டில்தான் தங்கினார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடெங்கும் ஒரு நாள் வேலை நிறுத்தி நோன்பிருக்கலாம் என்ற எண்ணம் ஒரு விடியற்காலையில் அரைத்தூக்கத்தில் தமக்குத் தோன்றியதாக அடிகள் தம் வரலாற்றில் எழுதியது அவ்வீட்டில் நிகழ்ந்ததைத்தான். இன்று அவ்விடத்தில் நட்சத்திர விடுதி ஒன்று நிற்கிறது.

அதன்பின் இராஜாஜி நீதிமன்றத் தொழிலைக் கைவிட்டார். வேலூர்ச் சிறை, திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமம், 1930இல் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை உப்பு நடைப்பயணம் என்று ஆண்டுகள் சென்றன. 1933இல் அவருடைய மகள் இலட்சுமியும் காந்தியடிகளின் மகன் தேவதாசும் மணம் புரிந்தனர். ஆனால் சம்பந்தி உறவைவிட ஆழமான ஒன்று இருவரிடையே இருந்தது. தம் மனச்சான்றின் காவலர் என்று காந்தியடிகள் இராஜாஜியைக் குறிப்பிட்டார். அந்தப் பட்டத்தின் பாரத்தை அடிகள் அப்போது முழுதும் எண்ணிப் பார்த்திருப்பாரா என்று நமக்கு ஓர் ஐயம். மனச்சான்று எப்போதும் நமக்குச் சாதகமாகவா பேசுகிறது?

1937 சூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வரானார். தியாகராய நகர் பசுல்லா சாலை அவருடைய முகவரியாயிற்று. மயிலாப்பூரின் பழைய நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான புதுக் குடியிருப்பு அது. நீதிக்கட்சித் தலைவரின் பெயர் கொண்ட நகரில், ஓர் இஸ்லாமிய அதிகாரியின் பெயர் கொண்ட சாலையில் காங்கிரஸ் முதல்வர்! சேலத்தில் மதுவிலக்கு, ஆலய நுழைவுச் சட்டம் ஆகியவை அக்காலத்தின் நற்செயல்கள். கட்டாய இந்தி அக்காலத்தின் பெரும் பிழை. எதிர்த்தவர்களை அடக்க, முன்பு காங்கிரசே கண்டித்த சட்டத்தை அவர் கையாண்டார். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939இல் சிறைக்காவலில் இருந்த நிலையில் உயிரிழந்தனர். தாம் நினைப்பது சரி என்று தோன்றிவிட்டால் பின்வாங்காத மனிதர் அவர். அதே குணம் ஓரிடத்தில் கொடுமையாகவும், வேறோரிடத்தில் வீரமாகவும் தோன்றுகிறது. எல்லா இடத்திலும் ஒன்றையே சொல்லி அவரை நம்மால் தீர்த்துவிட முடியவில்லை.

1939 செப்டம்பர் 3ஆம் நாள் போர் மூண்டது. இந்தியத் தலைவர் ஒருவரையும் கேளாமலே, இந்தியாவும் போரில் இறங்கியதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அக்டோபர் இறுதியில் இராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகிற்று. தாமே விரும்பி விலகியதன்று. கட்சியின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து விலகியது.

அடுத்த ஆண்டு பிரான்சு நாடு இட்லரிடம் வீழ்ந்தது. 1940 சூலையில் இராஜாஜி ஒரு தீர்மானத்தை முன்வைத்தார்: விடுதலையை ஒப்புக்கொண்டு, மையத்தில் தேசிய அரசு அமைக்கப் பிரிட்டன் இசைந்தால், நாட்டின் பாதுகாப்புக்குக் காங்கிரஸ் முழுமூச்சாக உதவும். அகிம்சை நெறியில் நின்ற காந்தியடிகள் இதனை ஏற்கவில்லை. ஆனால் வல்லபாய் பட்டேல் முதலானோர் இராஜாஜியின் பக்கம் நின்றனர். பூனாவில் கூடிய அகில இந்தியக் குழு அதை ஏற்றது. குருவை விட்டுச் சீடன் விலகி நின்ற முதல் தருணம் அது. பிரிட்டன் கைகொடுத்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். வைஸ்ராயோ ஆகஸ்டு 8ஆம் நாள் தந்த மறுமொழியில் உருப்படியாக ஒன்றும் இல்லை. முசுலிம் லீக் கட்சியினர் ஒருவரையே தலைமையமைச்சராக்க நம் தோழர்களை இசைய வைக்கிறேன் என்று கூட இராஜாஜி சொல்லிப் பார்த்தார். செவிசாய்ப்பார் இல்லை. உடனே அவர் என்ன செய்தார்? தனிநபர் சத்தியாக்கிரகத்தில் இறங்கி, 1940 டிசம்பரில் கைதாகி, ஓராண்டுத் தண்டனை பெற்றார். சிறைக்கு அஞ்சியவர் அல்லர் என்பதற்காக இதைச் சொல்லுகிறோம்.

இனி 1942. சென்னைக்குப் போர் புதிதன்று. 1914இல் எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த கதையை அறியாத பாட்டிமார் இல்லை. ஆனால் 1942இன் அச்சம் வேறு. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பிழைக்கப் போயிருந்த நம்மவர்கள் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினார்கள். வழியில் மாண்டவர் பலர். ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு. அன்று காலை கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. பாஸ்காப் பாடல் ஒலித்திருக்க வேண்டிய நேரத்தில் அந்நகரில் அபாயச் சங்கு ஒலித்தது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். இவ்விரண்டும் அன்றைய சென்னை மாகாணத்து ஊர்கள்.

அடுத்தது சென்னைதான் என்று எல்லாரும் நம்பினர். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. இன்றியமையாத பணி இல்லாதோர் நகரை விட்டுச் செல்லுமாறு அரசே கூறிற்று. மயிலாப்பூர், திருவல்லிக்கேணித் தெருக்களில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகைக்கு ஆள் கிடைக்கவில்லை. மூர் மார்க்கெட்டை அடுத்த விலங்குக் காட்சிச்சாலையில், குண்டு விழுந்தால் தப்பி வெளியேறுமே என்று சிங்கம், புலி முதலியவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். மக்களைக் காக்க வேண்டிய ஆட்சி மக்களுக்கு முன்னே பெட்டி கட்டிய காட்சியை நகரம் கண்டது. (ஜப்பானியப் படை வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று வந்து குண்டு போட்டுச் சென்றதோடு சரி. ஆனால் 1942 ஏப்ரலில் அதை யார் அறிவார்?)

இந்நிலையில்தான் இராஜாஜி தம் வழக்கைத் தொடுத்தார். அவர் வாதத்தை நம் சொற்களில் சொல்வதானால் இப்படி: வாசலில் எதிரி நிற்கிறான். அயலார் ஆட்சி மக்களைக் காக்காது. மக்கள் நம்பும் ஆட்சி வேண்டும். அந்த ஆட்சி அமைய வேண்டுமானால் லீக்கின் ஒத்துழைப்பு வேண்டும். அவர்கள் பிரிவினை கேட்கிறார்கள். பிரிந்தே தீருவோம் என்று ஒரு பகுதி மக்கள் உறுதியாக நின்றால் அவர்களைக் கத்திமுனையில் கட்டி வைக்க நம்மால் இயலுமா? இயலாது. எனில், அந்த உரிமையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டு, இன்று நாட்டைச் சேர்ந்து காப்போம்.

ஏப்ரல் 23ஆம் நாள் சென்னையில் கூடிய காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியினர் இக்கருத்தில் இரு தீர்மானங்களை நிறைவேற்றினர். நாடே கொதித்தது. ஒரு வாரத்திற்குள் அலகாபாத்தில் அகில இந்தியக் குழு கூடிற்று. வாக்கெடுப்பில் இராஜாஜியின் தீர்மானத்துக்கு ஆதரவாக 15 பேர்; எதிராக 120 பேர். செயற்குழுவிலிருந்து அவர் விலகினார். ஊர் ஊராகச் சென்று பேசினார். சென்ற இடங்களில் கூச்சல். பம்பாய் மாதுங்காவில் அவர் மேல் தாரை வீசினார்கள். தமிழர்கள் மிகுதியாக வாழும் பகுதி அது. தார் படிந்த உடையோடு அவர் பேச்சைத் தொடர்ந்தார். சூலையில், காங்கிரசிலிருந்து விலகி நின்று உம் கருத்தைப் பரப்புவதே முறை என்று காந்தியடிகளே அறிவுறுத்த, கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பையும் சட்டமன்ற இடத்தையும் துறந்தார். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட உறவு அது. அப்போது அவருக்கு வயது 63.

வெளியேறிய பின்னும் வாளாவிருக்கவில்லை. அதே சூலையில் கே. சந்தானம், டாக்டர் தி.சே.சௌ. இராஜன் முதலியோரோடு கூடிக் காந்தியடிகளுக்கு ஒரு மடல் எழுதினார். மாற்று அரசு ஒன்று ஆயத்தமாக இல்லாமல் இருக்கும் அரசை வெளியேறு என்றால், அரசோடு சேர்ந்து சமுதாய ஒழுங்கும் கலைந்துபோகும் என்பது அம்மடலின் சாரம். ஆகஸ்டு 8ஆம் நாள் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் காந்தியடிகளும் செயற்குழுவினரும் கைதாயினர். சில நாள்களில் தமிழகத் தோழர்களும் உள்ளே சென்றனர். வெளியே நின்றவர் இராஜாஜி.

வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். அவர் செய்தது சரியா?

குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்றபோது நமக்கு இரண்டு செய்திகளைச் சேர்த்தே கற்பித்தார்கள். உறுதிப்பட்ட மனச்சான்றுக்கு மனிதன் கீழ்ப்படிந்தே ஆகவேண்டும் என்பது ஒன்று. மனச்சான்று தவறாதது அன்று என்பது மற்றொன்று. முதலாவதைக் கொண்டு பார்த்தால் இராஜாஜி மீது குறை காண இயலாது. பதவி, புகழ், நட்பு எல்லாவற்றையும் இழந்து நின்றார். இரண்டாவதைக் கொண்டு பார்த்தால்தான் நம் மனம் அலைக்கழிகிறது. ஜப்பான் பற்றி அவர் கணித்தது பிழையன்று; அச்சம் நியாயமானது. ஆனால் பிரிட்டன் மனமாறும் என்று அவர் மூன்றாண்டுகளாக நம்பியது வீண் நம்பிக்கை. மன்றத்தில் நடுவர் இருக்கிறார். இரு தரப்பும் நியாயத்தை எடுத்துரைத்தால் தீர்ப்பு வரும். அந்த 1942இல் நடுவர் இருக்கையில் அமர்ந்திருந்தவரே எதிர்க்கட்சிக்காரர்! இதை அந்தக் கூர்த்த வழக்கறிஞர் போதிய அளவு எண்ணவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. மேலும் ஒன்று: துன்புறும் மக்களோடு துன்புறுவதற்கு என்று ஒரு மதிப்பு உண்டு, அது வாதத்தின் சரி-தவறுக்கு அப்பாற்பட்டது. காமராசர் அதை அறிந்திருந்தார்.

ஆயினும் வெளியே நின்றவரால் மட்டுமே இயலக்கூடிய பணி ஒன்று இருந்தது. 1943 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தியடிகள் 21 நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அவரைக் காண அனுமதி பெற்ற இராஜாஜி, இந்து முசுலிம் உடன்பாட்டுக்குத் தாம் வரைந்த திட்டத்தை அடிகளிடம் காட்டி இசைவு பெற்றார். கட்சியை விட்டுப் போகச் சொன்னவர், போனவரின் கையால் எழுதப்பட்டதை ஏற்றார். 1944 சூலையில் அத்திட்டம் வெளியாயிற்று. லீக் விடுதலைக் கோரிக்கையை ஆதரித்து இடைக்கால அரசில் சேர வேண்டும். போர் முடிந்ததும் முசுலிம்கள் பெரும்பான்மையாகத் தொடர்ந்து வாழும் மாவட்டங்கள் எவை என ஓர் ஆணையம் வரையறுக்கும். அங்கே வாழும் எல்லா மக்களும் வாக்களித்துத் தீர்மானிப்பர். பிரிந்தாலும் பாதுகாப்பு, வாணிபம், போக்குவரத்து ஆகியவற்றில் உடன்படிக்கை இருக்கும். இடம்பெயர்வது அவரவர் விருப்பம் மட்டுமே. செப்டம்பரில் காந்தியடிகளும் ஜின்னாவும் பம்பாயில் 9ஆம் நாள் முதல் 27ஆம் நாள் வரை பேசினர். பேச்சு முறிந்தது. பூச்சி அரித்த பாகிஸ்தான் எனக்கு வேண்டா என்பது ஜின்னாவின் நிலை. மூன்றாண்டு கழித்து, பஞ்சாபும் வங்கமும் துண்டாக்கப்பட்டு, கிட்டத்தட்ட அந்தப் பாகிஸ்தானே அவர் கைக்கு வந்தது. வாக்கெடுப்பும் உடன்படிக்கையும் விருப்பப்படி இடம்பெயரும் உரிமையும்தான் வழியில் உதிர்ந்துபோயின. குருதியாறு ஓடிற்று.

தமிழகத்தில் அந்தக் காயம் ஆறவில்லை. 1945இல் இராஜாஜி காங்கிரசுக்குத் திரும்பியபோது, சிறையிலிருந்து மீண்ட தொண்டர்கள் அவரை வரவேற்கவில்லை. நாம் உள்ளே கிடந்தபோது வெளியே இருந்தவர் இப்போது தலைமை ஏற்க வருகிறாரா என்றனர். அவர்கள் கேட்டது நியாயமே. 1946 சனவரியில் இந்திப் பிரசார சபையின் வெள்ளி விழாவுக்காகக் காந்தியடிகள் தியாகராய நகர் வந்தார். திரும்பிச் சென்றபின், இராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு கூட்டம் இயங்குகிறது என்ற பொருள்பட 'அரிஜன்' இதழில் எழுதினார். அந்தச் சொல் காமராசரைச் சுட்டது. அவர் மனம் வருந்திக் கட்சியின் தேர்தல் குழுவிலிருந்து விலகினார். நல்லவர்கள் நல்லவர்களைப் புண்படுத்துவது இப்படித்தான் போலும்.

மாகாணத்தில் இடம் கிடைக்காதவருக்கு நாடு இடம் கொடுத்தது. 1946 செப்டம்பரில் இடைக்கால அரசில் அமைச்சர். 1947 ஆகஸ்டு 15இல் மேற்கு வங்க ஆளுநர். பிரிவினையை எதிர்த்து அவரைத் தூற்றியவர்கள் பலர் பிரிவினையை ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டார்கள். அதன் எரியும் விளிம்பில், கல்கத்தாவில் போய் நிற்கும்படி பணிக்கப்பட்டவர் அவரே. செப்டம்பர் தொடக்கத்தில் கலவரம் மூண்டு காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கியபோது, அதைத் தடுக்க வாதாடியவரும் அவரே. வழக்கம்போல் வாதில் வென்றாரோ என்னவோ, நோன்பை நிறுத்த இயலவில்லை. நான்காம் நாள் நகரம் அடங்கிற்று.

1948 சூன் 21ஆம் நாள் மவுண்ட்பேட்டனுக்குப் பின் அவர் கவர்னர் ஜெனரலானார். காசுமீரில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது; செப்டம்பரில் ஐதராபாத்துக்குப் படை சென்றது; 1949 புத்தாண்டு நாளில்தான் காசுமீரத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. முடிவெடுப்பது அமைச்சரவை, அவர் அரசியல் சட்டப்படியான தலைவர் மட்டுமே. எனினும் நேருவுக்கும் பட்டேலுக்கும் இடையே மனவேற்றுமை முற்றிய வேளைகளில் இருவரும் மதித்துச் செவிகொடுத்தது அவருக்கே. இரு தரப்பு வழக்கையும் படிக்கும் பழைய சேலத்துப் பழக்கம் அங்கே பயன்பட்டது. 1950 சனவரி 26இல் நாடு குடியரசாகியது. அப்பதவி அவரோடு முடிந்தது.

பிற்காலத்தை விரித்துரைக்க இடமில்லை. 1953இன் பள்ளித் திட்டத்தில் மறுபடியும் பிடிவாதம், மறுபடியும் வீழ்ச்சி. ஒன்றை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. 1962 செப்டம்பரில், 83 வயதில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்ட அவர் வாசிங்டன் சென்று, கத்தோலிக்கரான குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டார். குறித்த நேரத்தைக் கடந்தும் கென்னடி அவர் பேச்சைக் கேட்டிருந்தார். மூன்று வாரத்திற்குள் கியூபா நெருக்கடி உலகை அணுப்போரின் விளிம்புக்குக் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 'உலகில் அமைதி' சுற்றுமடலை வெளியிட்டார். ஆகஸ்டில் சோதனைத் தடை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போரில் பங்கெடுக்கலாம் என்று 1940இல் காந்தியடிகளையே எதிர்த்தவர் இம்முறை போரின் கருவியையே எதிர்த்து நின்றார்.

1971 தேர்தலில் காமராசரும் இராஜாஜியும் ஓரணியில் நின்றார்கள். இருவரும் சேர்ந்து தோற்றார்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் இவர் மறைந்தார். 1975இல் காந்தி பிறந்த நாளில் அவர் மறைந்தார்.

சில வாரங்களுக்கு முன், அந்தச் சட்டக் கல்லூரி இளைஞரைத் திருப்பலிக்குப் பின் கண்டோம். 1944ஆம் ஆண்டுத் திட்டத்தின் ஆறு பிரிவுகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தோம், கொடுத்தோம். ஆலய வாசலில் நின்றபடியே படித்தார். பிரிட்டன் முழு ஆட்சியுரிமையையும் பொறுப்பையும் இந்தியாவிடம் ஒப்படைத்தால் மட்டுமே இவை கட்டுப்படுத்தும் என்ற கடைசிப் பிரிவை இருமுறை படித்தார்.

"தொழிலை விட்டு இருபத்தைந்து வருடம் ஆன பிறகும் வக்கீலாகவே எழுதியிருக்கிறார், ஃபாதர்" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.